வெயிலுக்கு வந்த அணுக் கடிகாரம்

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் குன்றுகளையும் காப்புக்காடுகளையும் தாண்டிப் போகும் உயரழுத்த மின்தடம் ஒன்றில் இடி விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். பழுது ஏற்பட்ட கணத்தில் ஒரு மின் அதிர்வலை கிளம்பி, ஏறக்குறைய ஒளியின் வேகத்தில் தடத்தின் இரு முனைகளுக்கும் ஓடும். அது வந்து சேர்ந்த நேரத்தை இரு முனை சப்ஸ்டேஷன்களும் பதிவுசெய்கின்றன. அந்த இரண்டு நேரங்களின் வித்தியாசத்தை அலையின் வேகத்தால் பெருக்கிப் பாதியாக்கினால், தடத்தின் நடுப்புள்ளியிலிருந்து பழுது எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று தெரிந்துவிடும். இரு முனைக் கடிகாரங்களும் ஒரு மைக்ரோ வினாடி (வினாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) முரண்பட்டால் இடம் 150 மீட்டர் தவறும். கோபுரங்களுக்கு இடையே 400 மீட்டர் அளவில் இடைவெளி இருக்கும் தடத்தில் இது பொருட்டில்லை. முரண்பாடு 10 மைக்ரோ வினாடி ஆகிவிட்டால் 1.5 கிலோமீட்டர். பழுது பார்க்கிறவர்கள் முன்னும் பின்னுமாக எட்டுக் கோபுரங்களைத் தேட வேண்டிவரும், அதுவும் மலைக்காட்டில்.

ஒரு மைக்ரோ வினாடி என்ற இந்த எல்லை வேறு இடங்களிலும் வருகிறது. ஒரே அலைவரிசையில் மாறி மாறி அனுப்பவும் பெறவும் செய்யும் செல்போன் டவர்கள் பொது நேரத்திலிருந்து 1.5 மைக்ரோ வினாடிக்கு மேல் விலகக் கூடாது. விலகினால் ஒரு டவர் பேசும்போது பக்கத்து டவர் கேட்டுக்கொண்டிருக்கும். மின்கட்டமைப்பின் நாடித்துடிப்பைப் பார்க்கும் ஃபேசர் அளவிகளுக்கு இவ்வளவு கறார் வேண்டாம். 50 ஹெர்ட்ஸில் 31.8 மைக்ரோ வினாடிப் பிழை வந்தால்தான் அவற்றுக்கு அனுமதித்த ஒரு சதவீதப் பிழை முழுவதும் தீரும்.

ஜிபிஎஸ் சிக்னல் இருக்கும்வரை இதெல்லாம் எளிது. கூரைமேல் ஒரு ஆன்டெனாவும் ஒழுங்கான நேர ரிசீவரும் இருந்தால் 50 நானோ வினாடிக்குள் (ஆயிரம் நானோ ஒரு மைக்ரோ) நேரம் கிடைக்கும். ஆன்டெனா கேபிளின் நீளத்தை மட்டும் மறக்காமல் ரிசீவரில் பதிய வேண்டும். மீட்டருக்கு 4 முதல் 5 நானோ வினாடி என்ற கணக்கில் 30 மீட்டர் கேபிளே 120 முதல் 150 நானோ வினாடி தாமதத்தைக் கொடுக்கும். புதிதாக நிறுவும் இடங்களில் அடிக்கடி நடக்கும் தவறு இது.

சிக்னல் நின்றுபோனால்தான் சிக்கல். எலி கடித்த கேபிள், குரங்கு பிய்த்த ஆன்டெனா, இடியில் கருகிய ரிசீவர் ஆகியவை ஒருபுறம். வானமே கெடுக்கும் நேரமும் உண்டு. பூமியின் காந்த நடுக்கோடு தமிழகத்தின் தென்கோடியை ஒட்டி ஓடுவதால், சூரியன் மறைந்தபின் நம் தலைக்கு மேலுள்ள அயனமண்டலத்தில் குமிழிகள் எழும்பி ஜிபிஎஸ் சிக்னலை நடுங்கவைக்கின்றன. மார்ச்–ஏப்ரல், செப்டம்பர்–அக்டோபர் மாதங்களில், அதுவும் சூரியனின் செயல்பாடு உச்சத்தில் உள்ள ஆண்டுகளில், இரவு எட்டு மணி முதல் நள்ளிரவு வரை ரிசீவர் செயற்கைக்கோள்களை விட்டுவிட்டுப் பிடிப்பது வழக்கம். ஐரோப்பியக் கையேடுகளில் இதற்கு அதிக இடம் இருக்காது. அங்கே இது அரிது.

அந்த இடைவெளியில் நேரத்தைத் தாங்கிப் பிடிப்பதைத் துறைக்காரர்கள் ஹோல்டோவர் என்கிறார்கள். ஆய்வகத்துக்கு வெளியே வைக்கும் அணுக் கடிகாரத்தின் முதல் வேலையே அதுதான். அதை எவ்வளவு நேரம் செய்யும் என்பதை உள்ளே இருக்கும் அணு அவ்வளவாகத் தீர்மானிப்பதில்லை. பெட்டியைச் சுற்றியுள்ள வெப்பம், காந்தம், காற்றழுத்தம், மின்சாரம் ஆகிய நான்கும்தான் தீர்மானிக்கின்றன.

பெட்டிக்குள் நடப்பது

சாதாரண குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தில் வினாடிக்கு 32,768 முறை துடிக்கும் படிகம் இருக்கிறது. மாதத்துக்குப் பத்துப் பதினைந்து வினாடி தவறும். டைட்டன் கடிகார ஆலை இருக்கும் ஓசூர்ப் பக்கத்துக்காரர்களுக்கு இது புதிதல்ல. அணுக் கடிகாரத்திலும் வெளியே வரும் 10 மெகாஹெர்ட்ஸ் சிக்னல் ஒரு குவார்ட்ஸ் படிகத்திலிருந்துதான் வருகிறது. அணுவின் பங்கு, அந்தப் படிகம் தடம் மாறும்போதெல்லாம் இழுத்துப் பிடிப்பது.

வெளியிடங்களில் அதிகம் இருப்பது ரூபிடியம் கடிகாரம். ரேடியோ அலையால் எரியும் சின்ன ரூபிடியம்-87 விளக்கு ஒன்று. அதன் ஒளி ரூபிடியம்-85 நிறைந்த வடிகட்டியைத் தாண்டி, ரூபிடியம்-87 ஆவியும் நைட்ரஜன், ஆர்கான் போன்ற பஃபர் வாயுவும் உள்ள கண்ணாடிச் செல்லுக்குள் போகிறது. செல்லைச் சுற்றி மைக்ரோவேவ் குழி. படிகத்திலிருந்து பெருக்கி எடுத்த மைக்ரோவேவ் சரியாக 6,834,682,610.9 ஹெர்ட்ஸை ஒட்டி வந்தால், செல்லைத் தாண்டி வரும் ஒளி ஒரு சதவீதத்துக்கும் குறைவாக மங்கும். அந்த மங்கலின் அடிமட்டத்தை விட்டு விலகாதபடி மின்சுற்று படிகத்தைத் திருத்திக்கொண்டே இருக்கும். மங்கலின் அகலம் சில நூறு ஹெர்ட்ஸ். 10⁻¹¹ துல்லியத்துக்கு, அதாவது பத்தாயிரம் கோடியில் ஒரு பங்குக்கு, அதன் நடுவை 0.07 ஹெர்ட்ஸுக்குள் கண்டுபிடித்தாக வேண்டும். அதாவது பள்ளத்தின் அகலத்தில் பல ஆயிரத்தில் ஒரு பங்கு. ஒளியின் அளவோ வெப்பமோ கொஞ்சம் மாறினாலும் அந்த நடு நகர்ந்துவிடும்.

பஃபர் வாயு அணுக்களைச் சுவரில் மோதவிடாமல் காக்கிறது. அதற்கு விலையாக அலைவெண்ணைச் சில ஆயிரம் ஹெர்ட்ஸ் தள்ளிவிடுகிறது. நைட்ரஜன் சூட்டில் அதை ஒரு பக்கம் தள்ளினால் ஆர்கான் மறுபக்கம் தள்ளும். இரண்டையும் கலந்து, செல் இயங்கும் வெப்பநிலையில் ஒன்றையொன்று ஈடுகட்டவைக்கிறார்கள். ஆகவே எந்த ரூபிடியம் கடிகாரமும் தானாகச் சரியான நேரம் சொல்லாது, வேறொன்றோடு ஒப்பிட்டு அளவுதிருத்தம் செய்த பிறகே சொல்லும். 1967 முதல் வினாடியின் வரையறையாக இருப்பது சீசியம்-133 அணுவின் 9,192,631,770 துடிப்புகள். சீசியம் கடிகாரத்தில் அணுக்கள் வெற்றிடத்தில் பறப்பதால் அதற்கு இந்தத் தள்ளல் கிடையாது.

கத்திரி வெயில்

ரூபிடியம் 39 டிகிரி செல்சியஸில் உருகும், சீசியம் 28.5 டிகிரியில். கிருஷ்ணகிரியின் மே மாதத்தில் இரண்டுமே நிழலில் வைத்தாலே குழைந்துவிடும். கடிகாரத்துக்குள் ரூபிடியம் செல் இன்னும் சூடான அடுப்பில் இருக்கிறது: வழக்கமாக 75 டிகிரியை ஒட்டி, விளக்கு 100-க்கு மேல். அடுப்பால் சூடாக்க முடியுமே தவிர குளிர்விக்க முடியாது என்பதைக் கவனிக்க வேண்டும். வெளிச்சூடு செல்லின் வெப்பநிலைக்குப் பத்துப் பதினைந்து டிகிரி கீழே இருந்தால்தான் கட்டுப்பாடு நடக்கும். வெயிலில் நிற்கும் மூடிய இரும்புக் கேபினட்டுக்குள் 60 டிகிரி தாண்டுவது அரிதல்ல. அங்கே கடிகாரத்தின் அடித்தட்டு 65-ஐத் தொட்டால் அடுப்பு முழுவதும் அணைந்து, செல் வெயிலோடு சேர்ந்து ஏறி இறங்கத் தொடங்கும். படிகம் அணுவோடு பூட்டியிருப்பதைக் காட்டும் பச்சை விளக்கு முன்பக்கத்தில் எரிந்துகொண்டுதான் இருக்கும். பூட்டு விடுபடவில்லை, பூட்டியிருக்கும் இடம் நகர்ந்துவிட்டது.

அந்த எல்லைக்குள் இருந்தாலும் வெப்பம்தான் முதல் எதிரி. நல்ல ரூபிடியம் கடிகாரத்தின் முதுமை, அதாவது நாளாக ஆக அலைவெண் நகர்வது, மாதத்துக்கு 5×10⁻¹¹ என்பார்கள். அது ஒரு நாளில் சேர்க்கும் நேரப்பிழை வெறும் 70 நானோ வினாடி. அதே தரவுத்தாளில் முழு வெப்பநிலை வரம்புக்கும் சேர்த்து அலைவெண் மாற்றம் 10⁻¹⁰ அளவில் போட்டிருக்கும். விடியற்காலைக் குளிரில் ஜிபிஎஸ் போய்விட்டது, பகலில் கேபினட் சூடாகி அலைவெண் சராசரியாக 2×10⁻¹¹ தள்ளிப்போனது என்றால், 12 மணி நேரத்தில் 0.86 மைக்ரோ வினாடி போய்விட்டது. விலைப்பட்டியலில் எல்லோரும் பார்ப்பது முதுமை எண்ணை, அதைப் போலப் பத்து மடங்கு பிழை வருவதோ வெப்பநிலை எண்ணால். ஒப்பீட்டுக்குச் சொன்னால், அடுப்பில் வைத்த சாதாரண குவார்ட்ஸ் அலைவி நாளுக்கு 5×10⁻¹⁰ முதுமையோடு ஒரே நாளில் 20 மைக்ரோ வினாடியைத் தாண்டிவிடும். ரூபிடியத்துக்குச் செலவழிப்பது அந்த வகையில் நியாயமே. ஆனால் செலவில் ஒரு பகுதியைக் கேபினட்டுக்கு ஒதுக்காவிட்டால் வீண்.

கேபினட்டில் செய்ய வேண்டியது வெப்பத்தைக் குறைப்பது என்பதைவிட, மாற்றத்தை மெதுவாக்குவது. தெர்மோஸ்டாட் விசிறியோ ஏசியோ இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஓடி நின்றால் அலைவெண்ணும் ரம்பப்பல் போல ஏறி இறங்கும். கடிகாரத்தை 10 மில்லிமீட்டர் அலுமினியத் தட்டின்மேல், இடையில் வெப்பப் பசை தடவி, நான்கு மூலையிலும் இறுக்க வேண்டும். தட்டை ஒரு கனமான பொருளின்மேல் உட்காரவைக்க வேண்டும். அதற்கு நம் ஊரில் பஞ்சமில்லை: 60×60×5 சென்டிமீட்டர் கறுப்பு கிரானைட் பலகை சுமார் 50 கிலோ. அதன் வெப்பநிலையை ஒரு டிகிரி ஏற்ற 38 கிலோஜூல் தேவை, அதாவது கடிகாரம் கக்கும் 15 வாட்டுக்கு நாற்பது நிமிடத்துக்கு மேல். திறந்த அறையில் இந்தப் பலகை ஏசியின் ஏற்ற இறக்கத்தை இருபதில் ஒரு பங்காக அமுக்கிவிடும். பகல்–இரவு மாற்றத்தை அமுக்க அது போதாது. சுற்றிலும் தெர்மோகோல் கட்டினால்தான் கொஞ்சம் தாமதிக்கும். மிகையாக மூடிவிட்டால் கடிகாரத்தின் சொந்தச் சூடே வெளியேறாது. கசிவு டிகிரிக்கு 2 வாட் இருக்கும்படி மூடினால் உள்ளே வெளியைவிட ஏழெட்டு டிகிரி கூடும். அதற்கு இடம் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். கல் வெப்பத்தை மெதுவாகத்தான் கடத்தும், ஆகவே அலுமினியத் தட்டைத் தவிர்க்க முடியாது.

பெட்டியை எந்தப் பக்கம் திருப்புவது

செல்லைச் சுற்றி காந்தத்தைத் தடுக்கும் மியூ-மெட்டல் உறை உண்டு. ஆனாலும் கொஞ்சம் கசியும். காந்தப்புலத்தை அளக்கும் அலகான காஸ் ஒன்றுக்கு 10⁻¹⁰ அளவில் அலைவெண் நகரும் கடிகாரங்கள் சாதாரணம். இங்கே நம் இடத்தின் தனித்தன்மை வருகிறது. காந்த நடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் கிருஷ்ணகிரியில் பூமியின் காந்தப்புலம் கிடைமட்டத்திலிருந்து சுமார் 10 டிகிரிதான் சாய்ந்திருக்கிறது, வலிமை சுமார் 0.4 காஸ். ஆகவே பெட்டியை மேசைமேல் வடக்கிலிருந்து தெற்காகத் திருப்பினால் புலம் கிட்டத்தட்ட முழுவதுமாகத் தலைகீழாகும்: 0.8 காஸ் மாற்றம். ஐரோப்பாவில் புலம் அதிகச் சாய்வாகப் பாய்வதால் அதே திருப்பலுக்கு பாதிதான் மாறும். அளவுதிருத்தம் செய்த திசையைப் பெட்டியின்மேல் அம்புக்குறி போட்டுவைத்து, நிறுவும் இடத்திலும் அதே திசையில் வைப்பது செலவில்லாத வேலை. டிரான்ஸ்ஃபார்மர், பெரிய மோட்டார் பக்கத்தில் வைக்கக் கூடாது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

மின்சாரம் பற்றிச் சுருக்கமாக: 24 வோல்ட்டில் சூடேறும்போது 2 ஆம்பியருக்கு மேல் இழுக்கும், பூட்டியபின் 0.6 ஆம்பியர். சப்ளையை 0.6-க்குக் கணக்கிட்டு வாங்கினால் கரண்ட் கட்டுக்குப் பிறகு கடிகாரம் எழவே எழாது. கண நேரம் மின்சாரம் போனாலும் அலைவெண் ஐந்தாறு நிமிடத்தில் திரும்பும், நேரம் திரும்பாது. திரும்பிய அலைவெண்ணும் பழைய இடத்திலிருந்து 5×10⁻¹¹ வரை தள்ளி உட்காரலாம்.

டெலிகாம் கழிவிலிருந்து வரும் பழைய ரூபிடியம் கடிகாரங்கள் மலிவாகக் கிடைக்கின்றன. வாங்கினால் முதலில் பார்க்க வேண்டியது விளக்கின் ஒளியளவு மின்னழுத்தம். பல ஆண்டு எரிந்த விளக்கில் ரூபிடியம் கண்ணாடியில் ஊறி, அல்லது தவறான இடத்தில் படிந்து, ஒளி குறைந்திருக்கும். விளக்கைக் கழற்றி ஹீட் கன்னால் மெதுவாகச் சூடாக்கிப் படிவை இடம் மாற்றினால் சில சமயம் மீண்டு வரும். ஊறிப்போனது வராது. பழைய கடிகாரங்கள் மெல்ல நகர்வதற்கு இன்னொரு காரணம், காற்றிலுள்ள ஹீலியம் கண்ணாடி வழியாகச் செல்லுக்குள் நுழைவது. அதை யாராலும் தடுக்க முடியாது.

காரில் ஏற்றினால்

இந்தியத் திட்ட நேரத்தைக் காப்பது டெல்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம். அதை நாடெங்கும் பரப்ப பெங்களூரு உட்பட ஐந்து மண்டல ஆய்வகங்களில் அணுக் கடிகாரங்கள் வைக்கும் திட்டமும் நடக்கிறது. ஜிபிஎஸ்ஸையே நம்பாமல் பெங்களூரின் நேரத்தைக் கிருஷ்ணகிரிக்குக் கொண்டுவர மிகப் பழைய வழி ஒன்று உண்டு: கடிகாரத்தையே சுமந்து வருவது. 1964 முதல் சீசியம் கடிகாரங்களை விமானத்தில் ஏற்றி இப்படித்தான் கண்டங்களின் நேரத்தை ஒப்பிட்டார்கள்.

முறை இது. கடிகாரம் இரண்டு மூன்று நாள் நிற்காமல் ஓடியிருக்க வேண்டும். புறப்படும் இடத்தில் ஆய்வகக் கடிகாரம், சுமக்கும் கடிகாரம் ஆகிய இரண்டின் வினாடித்துடிப்பு வித்தியாசத்தைக் கவுன்டரில் பல மணி நேரம் பதிவுசெய்து, அலைவெண் விலகலைக் கணக்கிட வேண்டும். பிறகு பேட்டரிக்கு மாற்ற வேண்டும். டையோடு வழியாக இரண்டு சப்ளையும் ஒரே நேரத்தில் இணைந்திருந்தால் இடைவெளி வராது. மொத்தம் 20 வாட் என்றால் எட்டு மணி நேரப் பயணத்துக்கு 160 வாட்-மணி. 24 வோல்ட் 20 ஆம்பியர்-மணி பேட்டரியில் அதைப் போல மூன்று மடங்கு இருக்கிறது. போய் அளந்து, அன்றே திரும்பி வந்து புறப்பட்ட இடத்தில் மறுபடி அளக்க வேண்டும். திரும்பியபோது தெரியும் பிழையைப் பயண நேரத்துக்குப் பங்கிட்டால் நடுவில் அளந்ததன் நம்பகம் தெரியும். திரும்பி அளக்காத பயணத்தின் எண்ணை நம்பக் கூடாது.

இரண்டு மணி நேர ஓட்டத்தில் அலைவெண் 2×10⁻¹²-க்குள் நின்றால் பிழை 14 நானோ வினாடி. காரில் ஏசி நின்று பத்து டிகிரி ஏறினால் 70-க்கும் மேல் போகும். வேகத்தடைகள் அவ்வளவு கெடுப்பதில்லை. குலுக்கலில் குவார்ட்ஸ் ஒரு ஜி முடுக்கத்துக்கு 10⁻⁹ அளவில் ஆடும், ஆனால் முன்னும் பின்னுமாக ஆடிச் சராசரியில் கழிந்துவிடும். இன்ஜின் அதிர்வு, மங்கலின் நடுவைத் தேடக் கடிகாரம் தன் மைக்ரோவேவை அசைத்துப் பார்க்கும் அதே அலைவெண்ணில் இருந்தால்தான் ஆபத்து. அப்போது மின்சுற்று அதிர்வையே அணுவின் பதிலாக எடுத்துக்கொண்டு நடுவை நகர்த்திவிடும். ரப்பர் தாங்கிகளை வைப்பது அதற்காகத்தான்.

இன்னும் சிறியது வேண்டுமென்றால் 2011-இல் சந்தைக்கு வந்த சிப் அளவு சீசியம் கடிகாரம்: 35 கிராம், 0.12 வாட். விளக்குக்குப் பதில் கடுகளவு லேசர். முதுகில் சுமக்கும் கருவிக்கும் கடலடி உணரிக்கும் அருமையானது. சப்ஸ்டேஷனில் வைக்கத் தேவையில்லை. மாதத்துக்கு 9×10⁻¹⁰ முதுமை என்பதால் முதுமையால் மட்டுமே ஒரு நாளில் ஒரு மைக்ரோ வினாடியைத் தாண்டிவிடும். மின்சாரம் தாராளமாக உள்ள இடத்தில் அதை வாங்குவது பேஷனுக்காகத்தான்.

வான்வெளியில் இருக்கும் கடிகாரங்களுக்கும் சிக்கல் உண்டு. நாவிக் என்ற நம் வழிகாட்டிச் செயற்கைக்கோள் அமைப்பின் முதல் செயற்கைக்கோளில் இருந்த மூன்று இறக்குமதி ரூபிடியம் கடிகாரங்களும் நின்றுபோயின. 2023 மே 29 அன்று ஏவப்பட்ட என்விஎஸ்-01-இல் அகமதாபாத்தில் உருவான உள்நாட்டு ரூபிடியம் கடிகாரம் போனது.

ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் இடையே 4 நானோ வினாடி

கடந்த பத்தாண்டில் வந்த பாய்ச்சல் ஒளிக் கடிகாரங்களால். மைக்ரோவேவுக்குப் பதில் லேசர் ஒளியையே துடிப்பாக எடுத்துக்கொண்டு, ஒளிச்சீப்பு என்ற லேசர் கருவியால் அதை எண்ணக்கூடிய மின்சிக்னலாக இறக்குகிறார்கள். அணுவின் துடிப்பு பல கோடி மெகாஹெர்ட்ஸ் என்பதால் அதே அளவு தள்ளலும் விகிதத்தில் மிகச் சிறியதாகிறது. 2022-இல் ரிம்பேக் கடற்படைப் பயிற்சியின்போது நியூசிலாந்துக் கப்பலில் அயோடின் ஆவியை வைத்து இயங்கிய ஒளிக் கடிகாரங்கள் மூன்று வாரம் ஓடின. ஒவ்வொன்றும் 35 லிட்டர் பெட்டி. ஒரு நாளில் பிழை சுமார் 300 பிக்கோ வினாடி, அதாவது 0.3 நானோ வினாடி. கப்பல் ஆடினாலும் அறை சூடேறினாலும் தாங்கின. அயோடினைத் தேர்ந்தெடுத்ததில்தான் சாமர்த்தியம்: அணுவைக் குளிர்விக்கும் லேசர்களோ பெரிய வெற்றிடப் பம்புகளோ வேண்டாம், கண்ணாடிக் குழாயில் ஆவி போதும். ஆய்வகத்தின் உச்சத் துல்லியத்தை விட்டுக்கொடுத்துத் தாங்கும் திறனை வாங்கியிருக்கிறார்கள். வெளியிடத்துக்கு அதுவே சரியான பேரம்.

மறுமுனையில், ஸ்ட்ரான்சியம் அணுக்களை லேசர் வலைக்குள் பிடித்துவைக்கும் கடிகாரங்கள். ஜெர்மனியின் தேசிய அளவியல் நிறுவனம் அப்படி ஒன்றை டிரெய்லரில் ஏற்றி ஆல்ப்ஸ் மலைச் சுரங்க ஆய்வகத்துக்குக் கொண்டுபோய், சுமார் 1,000 மீட்டர் தாழ்வில் உள்ள டூரின் நகரக் கடிகாரத்தோடு ஒப்பிட்ட முடிவு 2018-இல் வெளிவந்தது. 2020-இல் டோக்கியோ ஸ்கைட்ரீயில் 450 மீட்டர் உயரத்தில் ஒன்றும் தரையில் ஒன்றுமாக வைத்து அளந்தார்கள். உயரம் கூடினால் ஈர்ப்பு ஆற்றல் மாறுவதால் கடிகாரம் வேகமாக ஓடும், மீட்டருக்கு 1.09×10⁻¹⁶. 10⁻¹⁸ துல்லியம் உள்ள கடிகாரம் ஒரு சென்டிமீட்டர் உயர வித்தியாசத்தைக் காட்டும்.

இதை நம் ஊருக்குப் போட்டுப் பார்க்கலாம். ஓசூர், கிருஷ்ணகிரி நகரைவிடச் சுமார் 400 மீட்டர் உயரம். ஓசூர்க் கடிகாரம் 4.4×10⁻¹⁴ வேகமாக ஓடும், நாளுக்கு 3.8 நானோ வினாடி. ரூபிடியத்தை வைத்து இதை அளக்கப் போனால் ஏமாற்றம்தான். 400 மீட்டர் ஏறும்போது காற்றழுத்தம் 40 மில்லிபாருக்கு மேல் குறையும். அழுத்தத்தில் செல்லின் கண்ணாடி நுண்ணளவு வளைந்து, மில்லிபாருக்கு 10⁻¹³ என்று வைத்தாலும் 4×10⁻¹² நகர்ந்துவிடும். ஐன்ஸ்டைன் சொன்ன அந்த உயர விளைவைப் போல நூறு மடங்கு.

30 கிலோ எடையுள்ள வணிக சீசியம் கடிகாரத்தால் முடியும். 2005-இல் டாம் வான் பாக் என்ற அமெரிக்க ஆர்வலர் மூன்று சீசியம் கடிகாரங்களைக் குடும்ப வண்டியில் ஏற்றி, ரெய்னியர் மலையில் இரண்டு நாள் தங்கிவிட்டு வந்து 22 நானோ வினாடி வித்தியாசத்தை அளந்தார். அவருக்கு 1,300 மீட்டருக்கு மேல் கிடைத்தது. இங்கே 400-தான், ஆகவே நாட்கள் கூட வேண்டும். ஐந்து நாள் ஓசூரில் வைத்தால் 19 நானோ வினாடி சேரும்; உயர்தரக் குழாய் உள்ள சீசியம் இணையின் சொந்த அலைச்சல் அந்த ஐந்து நாளில் ஐந்தாறு நானோ வினாடி. முதலில் இரண்டையும் கிருஷ்ணகிரியில் ஒரே அறையில் ஐந்து நாள் ஓட்டி ஒன்றுக்கொன்று உள்ள விலகலை எடுக்க வேண்டும். பிறகு ஒன்றை நிறுத்தாமல் ஓசூருக்கு ஏற்றி ஐந்து நாள், மீண்டும் இறக்கி ஐந்து நாள். கிருஷ்ணகிரியில் தங்கும் கடிகாரத்துக்கு ஏசி அறை கட்டாயம். ஓசூரில் அறை அதே வெப்பநிலையில் இருக்கும்படி ஹீட்டர் வைக்க வேண்டிவரும், அங்கே இரவு குளிர்.